புகையிலைக்குள் ஒரு ரோஜா



மல்லிகையிலிருந்து நறுமணம் பிரித்தெடுக்கும் ஆலைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் யாரும் புகையிலையைத் தொடுவதில்லையாம். ஆனாலும் பாடம் போட்ட புகையிலையின் வாசம் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பிடிக்குமாம். வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியவர், மல்லிகையில் எடுப்பதுபோல இதிலும் வாசத்தை மட்டும் தனியே எடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை அம்மா. உங்களுக்குப் பிடித்த அந்த மணம் நிகோடினுடையது அல்ல. வயலில் நிற்கும் பச்சைப் புகையிலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த மணம் வராது. இலையை ஒடித்து, உலர்த்தி, அடுக்கி, புரட்டி, சில இடங்களில் வெல்லத் தண்ணீரும் தெளித்துப் பாடம் போடுகிறார்களே, அந்த வாரங்களில்தான் மணம் பிறக்கிறது.

உலரும் இலையில் பச்சையம் முதலில் அழிகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரிகின்றன. மாம்பழத்துக்கும் கேரட்டுக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம்தான் இதுவும். 40 கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சரம் அது. அதற்கு மணம் கிடையாது. காற்றும் வெளிச்சமும் இலையிலேயே உள்ள நொதிகளும் சேர்ந்து அந்தச் சரத்தை அறுக்கும்போது, 13 கார்பன் கொண்ட சிறு துண்டுகள் உதிர்கின்றன. எளிதில் ஆவியாகி மூக்கை எட்டும் அளவு சிறியவை அவை. உலர்ந்த பழம், தேன், வைக்கோல் என்று நாம் சொல்லும் மணங்களில் பெரும்பங்கு இவற்றுடையது. இலையின் மேல் கைக்கு ஒட்டும் பிசின் இருக்கிறதல்லவா, அதுவும் சிதைந்து தன் பங்கைச் சேர்க்கிறது.

இத்தகைய மணங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜெனீவாவில் நடந்தது. ஃபிர்மெனிக் என்ற வாசனைப் பொருள் நிறுவனத்தின் வேதியியலாளர் எடுவார் டெமோல், பல்கேரிய ரோஜா எண்ணெயை அலசிக்கொண்டிருந்தார். அந்த எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருந்தாலும் ரோஜா மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு பொருள் அந்த வேலையில் அகப்பட்டது. அதற்கு டமாஸ்கினோன் என்று பெயரிட்டு 1970இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, 1971இல், டெமோலும் அவருடன் ஆய்வு செய்த பெர்தேயும் அதே பொருளைப் பர்லி என்னும் அமெரிக்கப் புகையிலை வகையிலும் கண்டுபிடித்தார்கள். ரோஜாவும் புகையிலையும் ஒரே நிறமிக் குடும்பத்தை உடைத்து ஒரே மணத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன! கடிதம் எழுதிய வாசகி ரோஜாவை முகர்ந்து மகிழ்ந்திருப்பார். பாடம் போட்ட புகையிலையில் அவருக்குப் பிடித்த மணத்திலும் அதன் சாயல் இருந்திருக்கிறது.

பிரித்தெடுக்கும் முறை மல்லிகைக்குச் சொன்னதுதான். பாடம் போட்ட இலையை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, பிறகு குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கி மீட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது மெழுகும் மணமும் கலந்த கரும்பசை; தொழிலில் அதற்குக் கான்க்ரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்துக் குளிரவைத்தால் மெழுகு உறைந்து ஒதுங்கும். வடிகட்டி, சாராயத்தையும் நீக்கினால் அப்சொல்யூட். நேராக முகர்ந்தால் நெடி தூக்கி அடிக்கும். மிக நீர்க்கச் செய்த பிறகே தேனும் தோலும் வைக்கோலுமாக விரியும்.

மல்லிகையில் இல்லாத சிக்கல் இங்கே ஒன்று உண்டு. மணத்தோடு நிகோடினும் கூடவே வந்துவிடும். அதை விலக்க வேதியியல் தரும் வழி அழகானது. நிகோடின் ஒரு காரம். அமிலம் கலந்த நீரோடு சேர்த்துக் கலக்கினால் உப்பாக மாறி நீருக்குள் போய்விடும். டமாஸ்கினோன் போன்றவை எண்ணெய்ப் பகுதியிலேயே தங்கிவிடும். நீரைப் பிரித்து எடுத்துவிட்டால் நஞ்சு ஒரு பக்கம், மணம் ஒரு பக்கம்.

இதே குணத்தை வைத்துத்தான் பெல்ஜியத்தில் ஒரு கொலையையும் துலக்கினார்கள். 1850இல் போகார்மே என்ற பிரபு, புகையிலை இலைகளிலிருந்து வீட்டிலேயே நிகோடினை வடித்தெடுத்து, மனைவியின் சகோதரனுக்குக் கொடுத்துக் கொன்றான். தாவர நஞ்சைப் பிணத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியாது என்று நம்பியிருந்த காலம் அது. ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் அமிலம், காரம், ஈதர் என்று படிப்படியாகப் போய் உடலுறுப்புகளிலிருந்து நிகோடினைத் தனியே எடுத்துக் காட்டினார். 1851இல் பிரபுவின் தலை கில்லட்டினில் விழுந்தது.

அதனால் இளைய வாசகர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நிகோடின் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும். பனியில் நனைந்த பச்சை இலையை ஒடிக்கும் கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது அதனால்தான். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது நில உடைமையாளர்களின் கடமை.

மணம் தன்னளவில் யாரையும் கொல்வதில்லை. ஆனால் நிகோடினின் காட்டத்தை மறைக்க மணத்தைத் திரையாகப் பிடிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத கோபம். பழச் சுவை, மிட்டாய்ச் சுவை என்று சிகரெட்டில் சேர்ப்பது பிள்ளைகளைக் குறிவைத்துத்தான். அமெரிக்கா 2009இல் மென்தாலை மட்டும் விட்டுவிட்டு மற்றச் சுவைகளைச் சிகரெட்டிலிருந்து விலக்கியது. மென்தாலை விட்டது பெரிய குறை. நம் நாடு 2019இல் மின் சிகரெட்டையே தடை செய்தது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

புகையிலைக் கிட்டங்கிகளில் வேலை பார்த்த வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பீர்கள். பாடத்தின் எந்தக் கட்டத்தில் எந்த வாசம் வரும், முகர்ந்தே பக்குவம் சொல்லும் பெரியவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள், அந்த வேலை உங்கள் உடம்பை என்ன செய்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்காகத் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்