மனைக்கு வில்லங்கம் பார்க்கிறீர்கள், மகளின் படிப்புக்கு?

ஒரகடம் பக்கம் அரை கிரவுண்டு வாங்குவதென்றால் நாம் லேசில் முன்பணம் கொடுப்பதில்லை. மூலப் பத்திரம் கேட்கிறோம், 30 வருஷத்துக்கு வில்லங்கம் போடுகிறோம், அப்ரூவல் உண்டா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அதே நாம், மகளை நர்சிங் சேர்க்கும்போது பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸை நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். இது நியாயமா, சொல்லுங்கள்?

எங்கள் தெருவில் ஒரு பெண் ‘ஒரு வருஷ நர்சிங்’ முடித்தாள். கட்டிய பணத்துக்குக் கையெழுத்து ரசீது. அதில் முத்திரைகூட இல்லை. இன்று அவள் வல்லம் பக்கம் ஒரு கம்பெனி லைனில் நின்று அந்தக் கடனை அடைக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு? விசாரித்திருக்க வேண்டியது பெற்றவர்கள்.

நர்ஸாகப் பதிவு பெற 3 வருஷ ஜி.என்.எம். அல்லது 4 வருஷ பி.எஸ்சி. நர்சிங் முடிக்க வேண்டும். 2 வருஷ ஏ.என்.எம். படித்தால் கிராம சுகாதாரப் பணிக்குப் போகலாம். இவை தவிர்த்து ஒரு வருஷம், ஆறு மாதம் என்று யார் எதை விற்றாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வும் இல்லை, வெளிநாடும் இல்லை.

அடுத்த தப்பு, முதல் வருஷ ஃபீஸை மட்டும் கேட்டுவிட்டு வருவது. ஹாஸ்டல், பஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் 4 வருஷத்துக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு இடத்துக்கு விண்ணப்பித்தீர்களா? சென்னையிலும் செங்கல்பட்டிலும் அரசு நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சிலிங் நடக்கிறது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில்தான் வரும். ரிசல்ட் வந்த வாரமே ஏஜெண்டிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு கவுன்சிலிங் அறிவிப்பைப் பார்த்து என்ன பயன்? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

பி.எஸ்சி. கிடைக்காவிட்டால் மானம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். அரசு ஜி.என்.எம். பள்ளியில் படித்துவிட்டு, பின்னால் 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேரலாம். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். அந்தத் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவுடன் எழுதலாம். ஜி.என்.எம். படித்தவர் 50 படுக்கை மருத்துவமனையில் 2 வருஷ அனுபவத்தோடு எழுதலாம். ஏ.சி. ஹாஸ்டலில் தங்கிப் படித்தவளுக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது.

தனியார் சம்பளத்தையும் கண்ணைத் திறந்து பாருங்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, சிறிய மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கேரளம் 2018-ல் அதைக் குறைந்தபட்சக் கூலியாக்கியது. நம் பக்கம் அதற்கும் கீழே கொடுக்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தில் உங்கள் கல்விக்கடன் தவணை கட்டிய பிறகு மகள் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டீர்களா?

கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வேலை நாளில் நேரில் போய் வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலி வார்டில் நர்சிங் கற்க முடியாது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஷிஃப்ட் முடிந்து நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம்தான் போகும். விசாரிக்காமல் சேர்த்தால் போவது மகளின் 4 வருஷம். அதை எந்த ஓவர்டைமிலும் சம்பாதித்துக் கொடுக்க முடியாது.