பிள்ளையிடம் கேட்டீர்களா?

முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது: குழந்தைகள் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இவையெல்லாம் கவனமாக அளந்து கோப்பில் எழுதப்படுகின்றன. பயிற்சி முடிந்து வீடு போனதும் வலிக்கிறதா, பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடிகிறதா என்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்பில் பெரும்பாலும் இடமில்லை. அப்படியே கேட்டாலும், பதில் சொல்வது அம்மாதான்.

அம்மா சொல்வது பொய்யல்ல. ஆனால், அது பிள்ளையின் பதிலும் அல்ல.

ஐரோப்பாவின் 7 நாடுகளில் மூளை முடக்குவாதம் உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகள் 818 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்களில் 500 பேர் தாங்களே பதில் சொன்னார்கள். பெரும்பாலான அம்சங்களில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்ற குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. ஆய்வுக் குழு பெற்றோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டது. பல அம்சங்களில் பெற்றோர் தந்த மதிப்பெண் பிள்ளைகள் தந்ததைவிடக் குறைவு. இன்னொன்றும் தெரியவந்தது. வலி இருந்த குழந்தைகளின் வாழ்க்கைத் தரம் எல்லா அம்சங்களிலும் தாழ்ந்திருந்தது. மடங்கும் கோணத்தை மட்டும் பார்க்கும் சிகிச்சையாளருக்கு இந்த வலி எப்படித் தெரியும்?

கேட்பதற்கான கருவிகள் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய ‘பெட்ஸ்க்யூஎல்’ வினாத்தாளில் 23 கேள்விகள்தான். ஓடுவது, தானே குளிப்பது, உடல்வலி, பயம், நண்பர்கள், பள்ளி என்று ஒரு பிள்ளையின் முழு நாளும் அதில் வந்துவிடும். 5 வயதிலிருந்தே பிள்ளை பதில் சொல்லலாம். 5 முதல் 7 வயது வரை எண்களுக்குப் பதில் முகப்படங்களைக் காட்டிக் கேட்கிறார்கள்.

எல்லா இடத்திலும் ஒரே தாளை நீட்டுவதில் பயனில்லை. இந்த வினாத்தாளின் வழக்கமான வடிவம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. நேற்று அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும் சிறுமிக்கு அது பொருந்தாது. கடந்த 7 நாட்களைக் கேட்கும் வடிவம் இருக்கிறது. அன்றன்றைய வலிக்கு முகப்பட அளவுகோலே போதும். வெளிநோயாளியாக மாதக்கணக்கில் வரும் பிள்ளைக்கு, கனடாவில் உருவான சிஓபிஎம் முறை இன்னும் நெருக்கமானது. தனக்கு முக்கியமான வேலை எது என்று பிள்ளையே சொல்லலாம். அதை இப்போது எப்படிச் செய்கிறாய், அதில் எவ்வளவு திருப்தி என்று கேட்டு, 10க்கு மதிப்பெண் வாங்குகிறார்கள். சிகிச்சையாளரின் இலக்கு நேராக நடப்பதாக இருக்கலாம். பிள்ளையின் இலக்கு பள்ளிக் கழிவறைக்குத் தனியே போய்வருவதாக இருக்கலாம். இரண்டாவது தெரிந்தால் பயிற்சியே மாறும், பிள்ளையும் மனமுவந்து செய்யும்.

நேரமில்லை என்பதே வழக்கமான மறுப்பு. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் அது நியாயமான மறுப்புதான். ஆனால் காத்திருக்கும் நேரத்திலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட முடியும். பேச முடியாத, கேள்வி புரியாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர்தான் பேச வேண்டும். அவர்களுக்கென்று தனி வடிவங்கள் உண்டு. பேசக்கூடிய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெற்றோரிடம் மட்டும் கேட்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு தந்திருக்கிறது. இந்தியாவும் அதை ஏற்ற நாடு.

கேட்டு வாங்கிய பதிலைக் கோப்பில் மூடி வைத்தால் கேட்டதே வீண். அடுத்த அமர்வில் அந்தப் பதிலை எடுத்து வைத்துக்கொண்டே பயிற்சியைத் திட்டமிட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதைத் தொடங்கிவைக்கலாம். பெற்றோரும் அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது, “இவனிடமே கேளுங்கள்” என்று சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.