எந்த நாட்டு ஏவுகணை என்று கேட்பதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வாசித்துவிட்டுத் திட்டினால் பரவாயில்லை, வாசிக்காமல் திட்ட வேண்டாம்.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. உக்ரைன் தலைநகர் கீவில் உள்ள ஒக்மத்தித் சிறுவர் வைத்தியசாலை மீது ஏவுகணை விழுந்தது. அந்த நாட்டின் மிகப் பெரிய சிறுவர் வைத்தியசாலை அது. சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்யும் கட்டடம் இடிந்தது. கையில் சேலைன் ஏற்றியபடியே பிள்ளைகளை வீதியோரத்தில் வைத்துக்கொண்டு தாய்மார் நின்றார்கள். வைத்தியசாலையில் பெரியவர்கள் இருவர் இறந்தார்கள். அன்று கீவ் நகரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் பலி.

அன்றிரவே எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் அந்தக் காணொளி வந்தது. ஏவுகணை செங்குத்தாக இறங்கும் அந்த ஒரு வினாடி. அதற்குச் சினிமா இசை சேர்த்திருந்தார்கள். கீழே நெருப்பு, கைதட்டல், இதயம். அடுத்த நாள் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னான்: "பாத்தீங்களா சேர் ரஷ்யாட மிசைல? ஒருத்தராலயும் தடுக்கேலா."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. காஸாவுக்காக உண்டியல் குலுக்கியபோது தன் கைச்செலவுக் காசு முழுவதையும் போட்டவன். அதனால்தான் அந்தச் சொல் எங்களை உறுத்தியது. காஸாவில் வைத்தியசாலைகள் அடிக்கப்பட்டபோது நாம் அழுதோம். குனூத் ஓதினோம். அப்படியானால் கீவில் இடிந்தது என்ன?

ரஷ்யா தாங்கள் அடிக்கவில்லை, உக்ரைனின் வான்காப்பு ஏவுகணைதான் விழுந்தது என்றது. காணொளியையும் இடத்தையும் ஆராய்ந்த ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு, ரஷ்யாவின் கே.எச்-101 நேரடியாகத் தாக்கியிருக்கவே அதிக வாய்ப்பு என்றது. சரி, அந்த கே.எச்-101 என்றால் என்ன? அதைக் கொஞ்சம் பார்ப்போம். குழுமத்தில் இதயம் போட்டவர்களுக்காகவே எழுதுகிறோம்.

இதை ஆளில்லாத ஒரு சிறிய ஜெட் விமானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுவீச்சு விமானம் அதைச் சுமந்து போய் வானத்தில் விட்டுவிடும். விழும்போதே சிறகு விரியும், இயந்திரம் இயங்கும். பிறகு ராடாரில் படாமல் நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து, தனக்குள் இருக்கும் வரைபடத்தோடு கீழே உள்ள நிலத்தை ஒப்பிட்டு வழி பிடிக்கும். விமானி எதிரி நாட்டு வானத்துக்குள்ளேயே போக மாட்டார். பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அது விழுந்த இடத்தில் யார் நின்றார்கள் என்பது அவர் கண்ணில் படாது.

இந்த வகையில் சோவியத் யூனியன் செய்த முக்கியமான ஏவுகணை கே.எச்-55. 1980களில் வந்தது. சுமார் 2,500 கிலோமீற்றர் பறக்கும். அணுகுண்டு சுமப்பதற்காகவே செய்யப்பட்டது. ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சக்தியுள்ள குண்டு. முதன்முதலில் இதைத் தொகையாகத் தயாரித்தது எங்கே தெரியுமா? உக்ரைனின் கார்கிவ் நகரில்.

1991இல் சோவியத் உடைந்தபோது நூற்றுக்கணக்கான கே.எச்-55களும் அவற்றைச் சுமக்கும் விமானங்களும் உக்ரைன் மண்ணிலேயே தங்கிவிட்டன. அணுகுண்டுகளை 1996க்குள் ரஷ்யாவிடம் ஒப்படைத்தார்கள். விமானங்களை என்ன செய்வது? உக்ரைனிடம் காசில்லை. ரஷ்யாவிடம் வாங்கிய எரிவாயுவுக்குக் கடன் வேறு ஏறிக் கிடந்தது. (கேஸ் வரிசையில் இரவு முழுக்க நின்ற எமக்கு இது விளங்காமலா போகும்?) 1999இல் உடன்பாடு வந்தது. எட்டு டி.யூ-160, மூன்று டி.யூ-95 விமானங்கள், 575 ஏவுகணைகள் ரஷ்யாவுக்குப் போயின. பதிலுக்கு 285 மில்லியன் டொலர் கடன் கழிக்கப்பட்டது.

இருபத்துமூன்று வருடம் கழித்து, 2022 நவம்பரில், கீவ் அருகே விழுந்து கிடந்த கே.எச்-55 ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். அணுகுண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எடைக்கட்டி. உண்மையான ஏவுகணைகள் தப்பிப் போகட்டும் என்று வான்காப்பை ஏமாற்ற வெறும் கூட்டை அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்தவற்றைத்தான் எங்கள் மீதே ஏவுகிறார்கள் என்று உக்ரைனின் இராணுவப் புலனாய்வுத்துறை சொன்னது.

கே.எச்-101 இந்த ஏவுகணைக்குப் பின் வந்தது. அது முதன்முதலாகப் போரில் ஏவப்பட்டது கீவின் மீதல்ல. 2015 நவம்பர் 17 அன்று சிரியாவின் மீது. இத்லிபும் அலெப்போவும் இலக்குகள் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சே அறிவித்தது. இதயம் போட்ட சகோதரர்களே, நீங்கள் துஆக் கேட்ட அதே சிரியா. அங்கே பரீட்சித்துப் பார்த்ததைத்தான் பிறகு கீவுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஈரானின் ஏவுகணை இருக்கிறதே, அது நம்முடையது" என்று சிலர் சொல்வார்கள். 2015இல் ஈரான் காட்டிய சூமார் ஏவுகணையை நிபுணர்கள் கே.எச்-55இன் பிள்ளை என்கிறார்கள். உக்ரைனிலிருந்து 12 கே.எச்-55கள் ஈரானுக்கும் 6 சீனாவுக்கும் களவாக விற்கப்பட்டதை 2005இல் உக்ரைனின் சட்டமா அதிபரே ஒத்துக்கொண்டார். உக்ரைனில் செய்து, ரஷ்யாவுக்குக் கடனுக்குப் பதிலாகக் கொடுத்து, ஈரானுக்குக் களவாக விற்று, மீண்டும் உக்ரைன் மேல் விழுந்த பொருள் இது. இதில் எது யாருடைய ஏவுகணை?

இப்போது கருத்துப் பகுதியில் ஒரு கேள்வி வரும், எமக்குத் தெரியும்: "அமெரிக்கா செய்ததை ஏன் எழுதவில்லை?" எழுதுகிறோம். 1991 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து ஏழு பி-52 விமானங்கள் புறப்பட்டன. 35 ஏவுகணைகளை ஈராக்கின் மீது ஏவிவிட்டு, போக வர 35 மணி நேரம் பறந்து வீடு திரும்பின. அவையும் அணுகுண்டுக்காகச் செய்யப்பட்டு, தலையை மட்டும் மாற்றியவைதான். 2003இல் பிரித்தானியாவின் ஸ்டோம் ஷெடோவும் முதன்முதலில் ஏவப்பட்டது ஈராக்கின் மீதே. இதை எழுதினால் எமது ஊரில் ஒருவரும் கோபிக்க மாட்டார். கீவைப் பற்றி எழுதினால்தான் "சேருக்கு என்ன பிடித்தது" என்பார்கள். எமக்குக் கவலை அதுதான்.

படை புறப்படும்போது பெண்களையும் சிறுவர்களையும் முதியோரையும் கொல்ல வேண்டாம் என்று அபூபக்கர் (ரழி) அவர்கள் கட்டளையிட்டதை நாம் மேடைக்கு மேடை பெருமையோடு சொல்கிறோம். அந்தப் படை போனது ரோமரோடு மோத. அந்தச் சிறுவர்கள் முஸ்லிம்களின் பிள்ளைகள் அல்லர்.

குழும நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காணொளியை நீக்கிவிடுங்கள். குறைந்தது அந்த இசையையாவது பிள்ளைகளின் காதில் விழவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஏவுகணைகளின் பெயர், தூரம், வேகம் எல்லாம் நிரல் நிரலாக அழகான கையெழுத்தில். நாங்கள் பறித்து வைக்கவில்லை. "எங்கே விழுந்தது" என்று இன்னொரு நிரல் போடச் சொன்னோம். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான். கே.எச்-101க்கு நேரே சிரியா, கீவ் என்று இருந்தது. கே.எச்-55க்கு நேரே ஈரான் என்று எழுதியிருந்தான். அது விழுந்த இடமல்ல மகன், விற்ற இடம் என்று திருத்திக் கொடுத்தோம்.