சுவர் இருக்கு, சித்திரக்காரன் எங்கே?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்ம பக்கம் கதையே தலைகீழ்! வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். அங்கன்வாடிச் சுவர், பள்ளிக்கூடக் காம்பவுண்டு, கல்யாண மண்டபத்தின் நீளச் சுவர், உரக்கடை ஷட்டர்... எல்லாம் வெறுமையாகவோ, பாதி கிழிந்த போஸ்டரோடோ நிற்கின்றன. படம் போடத் தெரிந்தவர்களுக்கு நம் வகுப்பிலேயே பஞ்சமில்லை. ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் தெரியும். ஆனால் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான்: "நமக்கு யாருப்பா வேலை தருவான்? பாரதியார் பல்கலைக்கூடத்துல படிச்சவங்க இருக்காங்க. நம்மது வெறும் டிப்ளமாதானே?"

அரியாங்குப்பத்தில் ஓவியத்தை முறையாகப் படித்தவர்கள் நம்மைவிட நன்றாக வரைவார்கள். அதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. ஆனால் சுவர் வேலையில் வரைவது பாதிதான், மீதிப் பாதி சுவரும் கணக்கும். அந்த மீதிப் பாதியை நமக்குத்தான் ஆறு செமஸ்டரும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் சுவர் ஒரு கடையின் பக்கச் சுவர். "நம்ம புள்ளதானே, பார்த்துச் செய்யலாம்" என்றார் கடைக்காரர். நானும் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் வெயிலில் நின்றேன். கடைசியில் ஐந்நூறு ரூபாயும் ரெண்டு பரோட்டாவும்! சரி, பேராவது கிடைத்ததே என்று நினைத்தேன். ஐப்பசி மழை வந்தது. அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வண்ணம் அப்பளம் மாதிரி உரிந்து விழுந்தது. அவர் அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. அதற்குப் பிறகு ஆறு மாசம் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. கூச்சம், பயம், எல்லாம்தான்.

இப்போது யோசித்தால் என் கையில் குற்றமில்லை, சுவரைத்தான் நான் பார்க்கவில்லை. பழைய சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் எமல்ஷன் பூசினால் அது சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். சுண்ணாம்பு உதிர்ந்தால் படமும் கூடவே போகும். சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் வண்ணம். புதுப் பூச்சு என்றால் குறைந்தது ஒரு மாதம் ஆற வேண்டும். உப்பு பூத்த இடத்தைத் துடைத்துவிட்டு வரைவது வீண் வேலை, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பாகூர் பக்கம் இதற்குத் தனிக் கவனம் தேவை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, அதற்குப் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளமும் ஊருக்குள் வந்ததே, அன்றைக்குத் தண்ணீர் நின்ற மட்டத்தைப் பல சுவர்கள் இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட சுவரில் கீழே மூன்றடிக்கு வெறும் அடர்நிறப் பட்டை விட்டு, அதற்கு மேலே படத்தை ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். உரிந்தாலும் பட்டையை மட்டும் திருப்பி அடித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சுவர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "தம்பிக்கு வேலை தெரியும்போல" என்கிற பார்வை உடனே வரும். எனக்கு வராத தைரியம் அந்தப் பார்வையில்தான் வந்தது.

அடுத்தது கூலி. சதுர அடி ரேட்டு என்னவென்று கேட்டால் பலர் வானத்தைப் பார்க்கிறோம். எஸ்டிமேட் போடத் தெரிந்தவனுக்கு இது ஒரு கஷ்டமா? 20 அடி நீளம், 10 அடி உயரம், ஆக 200 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி என்று வைத்தால், அடிவண்ணத்துக்கே 4 லிட்டர். பிரைமர், வண்ணம், பிரஷ் எல்லாம் 3,600. சாரம், வண்டி வாடகை 800. உதவியாள் மூன்று நாள் 2,100. நம் கூலி ஐந்து நாள் 4,500. கூட்டினால் 11,000. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 12,100. சதுர அடிக்கு அறுபது ரூபாய் சொச்சம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர்க் கூலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தாளை எழுதிக் கையில் கொடுத்து, பாதியை முன்பணமாகக் கேளுங்கள். பேரம் பேசுவார்கள். பேசட்டுமே! படத்தின் அளவைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

"முதல் வேலை ஓசியில செய், பேர் வரும்" என்று சொல்கிற அண்ணன்மார்களிடம் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. ஓசியில் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரிடமும் 'ஓசி' என்றுதான் சொல்வார்.

டவுனுக்குப் போனால்தான் பிழைப்பு என்பதும் பழைய பாட்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி கலைந்ததும் 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். பக்கத்துச் சிவகாசி அச்சகங்கள் அவருடைய சாமி படங்களை வீட்டுக்கு வீடு காலண்டராக்கின. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, அதுவும் நம்ம மண்தான்.

அதே 2020-ல் சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களை ஓவியமாக்கினார்கள். ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து, பல ஊர் ஓவியர்களை அழைத்து வந்து செய்தது. நம்ம கொம்யூனில் ஊருக்கு ஒரு சுவர் செய்ய வெளியூர் ஆட்கள் எதற்கு? ஃபிளெக்ஸ் வந்து 2000-க்குப் பிறகு போர்டு எழுதுகிறவர்களின் பிழைப்பைக் கெடுத்தது உண்மை. ஆனால் 2019-ல் சென்னையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிரிழந்த பிறகு, காற்றில் பறக்காத விளம்பரம் சுவர்தான் என்று கடைக்காரரிடம் சொல்ல நமக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பொதுச் சுவர் என்றால் மட்டும் எழுத்தில் அனுமதி வாங்காமல் பிரஷ் வைக்காதீர்கள்.

இன்னொரு பயமும் உண்டு, வேடிக்கை பார்க்கிறவர்கள். நோட்டில் வரையும்போது யாரும் பார்ப்பதில்லை. சுவரில் வரைந்தால் ஊரே விமர்சகர். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் நாள் தூக்குக்குண்டு, ரசமட்டம் வைத்து, நூல் அடித்துக் கட்டம் போடுவதோடு சரி. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, "இன்ஜினீயர் வேலை நடக்குது" என்று போய்விடுகிறார்கள். இரண்டாம் நாள் பெரிய வண்ணப் பரப்புகள். முகம், கண் எல்லாம் விடியற்காலையில்.

போன மாதம் ஒரு பள்ளிச் சுவரில் ஊசுடு ஏரிப் பறவைகளை வரைந்துகொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்திய ஒரு தாத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாரை பறக்கும்போது கழுத்தை நீட்டாதுடா, மடக்கிக்கும். நீட்டுறது கொக்கு இல்ல, செங்கால் நாரை மாதிரி வேற ஜாதி" என்றார். சாம்பல் நாரைக்கு நான் கழுத்தை நீட்டித்தான் வைத்திருந்தேன். சாரத்திலிருந்து இறங்கி, அவர் எதிரிலேயே அழித்து மடக்கிப் போட்டேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, "உன் நம்பரை இதுல போடு" என்றார். பேத்திக்குக் காதுகுத்தாம், வீட்டு முன்சுவரில் மயில் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அளவு எடுக்கப் போகிறேன்.