படம் போதாது, அளவு கேளுங்கள்

கிழக்கு தாம்பரத்தில் இரண்டு பெட்ரூம் பிளாட் வாங்கியபோது, மரவேலைக்காக இன்டீரியர் டிசைனர் ஒருவரை அமர்த்தினேன். லேப்டாப்பில் அவர் காட்டிய 3டி படங்களைப் பார்த்து வீட்டில் எல்லாரும் மயங்கிவிட்டோம். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது. கட்டிலின் நிழல் கூடத் தரையில் தெரிகிறது. அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

வார்ட்ரோப் செய்து மாட்டிய நாளில் ஆசாரி டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, "சார், கட்டிலைப் போட்டா இந்தக் கதவு திறக்காதே" என்றார்.

கணக்கு எளிது. அறை 10 அடி. கட்டில் ஆறரை அடி. எதிர்ச்சுவரில் வார்ட்ரோப் 2 அடி ஆழம். மீதி 18 அங்குலம். வார்ட்ரோப் கதவின் அகலமோ 20 அங்குலம். படத்தில் மட்டும் எப்படி இடம் இருந்தது? அதில் வைத்திருந்த கட்டில் ஐந்தரை அடி! என் பத்து வயது மகன் வேண்டுமானால் அதில் கால் நீட்டிப் படுக்கலாம்.

3டி சாப்ட்வேரில் இது மிக எளிது. கட்டிலின் நீளத்தை ஒரு கட்டத்தில் மாற்றி டைப் செய்தால் போதும். கேமராவின் கோணத்தை விரித்தால் சின்ன அறையும் கல்யாண மண்டபம் போலத் தெரியும். இதனை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், அவசரமாக இருக்கலாம். ஆனால் அளவு இல்லாத படத்தை நம்பிப் பணம் கொடுத்தது என் தவறுதான்.

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள, 1972ஆம் ஆண்டு சட்டப்படி கவுன்சில் ஆப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. யார் வேண்டுமானாலும் கார்டு அடிக்கலாம். எனவே சோதிக்கும் வேலை நம்முடையது. அதற்கான கருவி உங்கள் புதிய கம்ப்யூட்டரிலேயே இருக்க முடியும்.

ஸ்வீட் ஹோம் 3டி என்ற புரோகிராம் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்தவுடன் பிரிபரன்சஸ் சென்று, அளவை அடி, அங்குலத்திற்கு மாற்றிவிடுங்கள். பின் பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ் தேர்ந்தெடுத்து சுவர்களை வரையுங்கள். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் இடது பக்கப் பட்டியலில் இருக்கும். இழுத்து வந்து விட வேண்டியதுதான். எந்தப் பொருளின் மீதும் டபுள் கிளிக் செய்தால், அதன் அகலம், ஆழம், உயரம் கிடைக்கும். இங்குதான் குட்டு வெளிப்படும்.

பில்டர் தந்த பிரவுசரைப் பார்த்து வரையாதீர்கள். சூப்பர் பில்ட்-அப் அளவில் மாடிப்படி, லிப்டில் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப்பின் மறு முனையை வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி நீங்களே அளந்திடுங்கள். சுவிட்ச் போர்டுகளையும் குறித்துக் கொள்ளுங்கள். என் வீட்டில் ஒரு பிளக் பாயின்ட் இன்றும் வார்ட்ரோபிற்குப் பின்னால் தூங்குகிறது.

படம் காட்டாத இன்னொன்று, உள்ளே இருக்கும் பலகை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. பார்ட்டிகிள் போர்டு நீரில் ஊதிவிடும். தரைத்தளத்தில் இருப்பவர்கள், சமையலறைக்காவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் என்று கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டும்.

"எல்லாம் நீயே செய்தால் டிசைனர் எதற்கு?" என்று நண்பர் கேட்டார். நிறம், வெளிச்சம், பொருள்களின் பொருத்தம் எல்லாம் எனக்குத் தெரியாது. அதற்கு அவர் தேவை. வார்ட்ரோப் திறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் ஸ்லைடிங் கதவாக மாற்றினோம். கூடுதல் செலவு என் தலையில்தான். அடுத்து சமையலறை. இம்முறை அளவுகளுடன் பிளானை வரைந்து, பைல் மெனு வழியாக பி.டி.எப். ஆக்கி, முதலில் நானே அவருக்கு மெயில் செய்தேன். மறுநாள் போன் வந்தது. "சார், பிரிட்ஜ் வைக்கிற இடத்துல மூணு அங்குலம் குறையுதே, கவனிச்சீங்களா?" என்றார்.