சாம்பலில் கிடக்கும் செல்வம் யாருக்குச் சொந்தம்?



பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையிலிருந்து விழும் துண்டுத் துணியை முதலாளி யாருக்காவது சும்மா கொடுப்பானா? கிலோ கணக்கில் விலை பேசி விற்கிறான். அது ஓ.இ. மில்லுக்குப் போய் மறுபடியும் நூலாகிறது. கழிவுக்கும் விலை உண்டு என்பதைத் திருப்பூர்த் தொழிலாளிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

நிலக்கரியிலும் இதே சங்கதிதான். கரியோடு கேலியம், ஜெர்மேனியம், அருமண் தனிமங்கள் ஆகியவையும் மிகச் சிறு அளவில் கலந்திருக்கின்றன. கரி எரிந்து போகிறது. இவற்றில் பெரும் பகுதி சாம்பலில் தங்கிவிடுகிறது. 100 டன் கரி எரிந்து 10 டன் சாம்பல் மிஞ்சினால், அந்தச் சாம்பலில் இவற்றின் செறிவு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சிங்ரவுலி நிலக்கரியில் டன்னுக்குச் சுமார் 250 கிராம் அருமண் தனிமங்கள் இருப்பதாக 2025-ல் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொல்லியது.

கைபேசி, காற்றாலை, மின்சார மோட்டார், ராணுவக் கருவி எல்லாவற்றுக்கும் இவை தேவை. பழுப்பு நிலக்கரிச் சாம்பலிலிருந்து சீனா ஜெர்மேனியம் எடுக்கிறது. 2025-ல் அருமண் ஏற்றுமதிக்கு அது கட்டுப்பாடு விதித்தவுடன், வரிச் சாட்டையைச் சுழற்றிய அமெரிக்கா பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்தது. நமக்கோ? அதே ஆண்டு ஆகஸ்டில் 50 சதவிகித வரி! அடி விழுந்தது திருப்பூர்த் தொழிலாளியின் வயிற்றில்.

கொடுப்பது யார்? கொள்வது யார்?

1973-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமையாயின. 2020-ல் வியாபாரச் சுரங்கம் என்ற பெயரில் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2023 சட்டத் திருத்தம், 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்காரின் கையில் குவித்தது. 2025 திருத்தமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குத்தகைக்காரர் தம் குத்தகையில் முக்கியக் கனிமங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் கூடுதல் தொகை கட்ட வேண்டியதில்லை! துணியை வாங்க வந்தவனுக்குத் தறியையும் இனாமாகக் கொடுப்பதல்லவா இது?

கனிமங்களைத் தேடவும் பிரிக்கவும் 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. அது ஜனங்களின் வரிப்பணம். செலவு நமக்கு, லாபம் அவர்களுக்கு!

"தனியார் வந்தால்தான் தொழில்நுட்பம் வரும்" என்கிறார்கள். பச்சைப் பொய்! மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிப்பது எந்த முதலாளி? 1950-ல் பிறந்த இந்திய அருமண் நிறுவனம், பொதுத்துறை! 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் சோவியத் உதவியோடு 1962-ல் மின்சாரம் கொடுத்ததே, எந்தத் தனியாரை நம்பி?

நெய்வேலியின் கணக்கு

நிலத்தைக் கொடுத்தவர் விவசாயி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் யந்திரம் ஓடியதை மறக்க முடியுமா? கொதிகலனில் வெந்தவர் தொழிலாளி. 2020 ஜூலை 1 விபத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலியாயினர். சாம்பலில் அருமண் மட்டுமா உண்டு? ஆர்சனிக், ஈயம் போன்ற நஞ்சும் உண்டு. நஞ்சு கூலிக்காரனுக்கு, நிதி கோடீஸ்வரனுக்கு என்ற பங்கீட்டை ஏற்க முடியாது!

போராடினால் வெல்லலாம். 2013-ல் நெய்வேலிப் பங்குகளை விற்க வந்தார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் பங்குகள் தனியாருக்குப் போகாமல் தமிழ்நாடு அரசு நிறுவனங்களிடம் சேர்ந்தன. மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் வேதாந்தா குழுமத்திற்கு விழுந்தது, ஊர்கள் திரண்டன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.

ஆகவே நம் கோரிக்கைகள்:

நிலக்கரியிலும் சாம்பலிலும் உள்ள அரிய தனிமங்களைப் பொதுத்துறையே பிரித்தெடுக்க வேண்டும்!

சாம்பலைக் கையாளும் ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கி, மருத்துவப் பாதுகாப்புத் தர வேண்டும்!

நிலமிழந்த விவசாயிக்கும், நிலமேயில்லாமல் வேலையிழந்த கூலிக்கும் வருமானத்தில் பங்கு வேண்டும்!

மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். மண்ணின் செல்வம் உழைப்பவருக்கே!