கூரை போனது, குளிர்ச்சியும் போனது!

வில்லியனூர், பாகூர் கிராமங்களில் கூரை வீடுகள் குறைந்து வருகின்றன. அந்த இடங்களில் கான்கிரீட்டு வீடுகள் எழும்புகின்றன. குடிசையைக் கல் வீடாக மாற்ற அரசாங்கமும் மானியம் கொடுக்கிறது.

இது நல்ல மாறுதல்தான். ஓலைக்கு நெருப்பும் பகை, காற்றும் பகை. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பாகூர் இருப்பதும் அந்த நடுவில்தான்.

ஆனால், கல் வீட்டில் ஒரு குறை. சித்திரை, வைகாசியில் உள்ளே இருக்க முடிவதில்லை!

காரணம் என்ன?

ஓலைக்குள் காற்று அடைபட்டு இருக்கிறது. அது வெயிலைக் கீழே விடாது. கான்கிரீட்டுத் தளம் அப்படி அல்ல. பகல் முழுவதும் சூட்டைக் குடிக்கும். இரவில் அதைக் கீழே விடும். விசிறியைப் போட்டால் அனல் காற்றுதான் வரும். மின்சாரக் கட்டணமும் ஏறும்.

அப்படியானால் கான்கிரீட்டே கூடாதா? கூடும்! அதற்குச் சாட்சி புதுச்சேரி நகரிலேயே இருக்கிறது.

ஆசிரமத்து விடுதி

அரவிந்தர் ஆசிரமத்தின் "கோல்கொண்ட்" விடுதிதான் அது. 1937-ல் வேலை தொடங்கியது. வரைபடம் போட்டவர் அந்தோனின் ரேமண்ட். அதுவும் கான்கிரீட்டுக் கட்டிடம்தான். ஆனாலும் குளிர்சாதனம் இல்லாமலே அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன.

வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகைகள். வெயில் நுழையாது, காற்று நுழையும். தளத்துக்கு மேல் வளைந்த ஓடுகள், நடுவே இடைவெளி. அதனால் தளத்தில் நேராக வெயில் படுவது இல்லை.

சூளை இல்லாத கல்

சுவருக்கு வழி காட்டுகிறது, பக்கத்தில் உள்ள ஆரோவில். அங்குள்ள மண் கட்டிட நிலையம் 1989-ல் தொடங்கியது. மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை கிடையாது, விறகு மிச்சம். மேல் மண் இதற்கு உதவாது. அடி மண்தான் வேண்டும். ஆகவே மேல் மண் வயலுக்கே திரும்பும். நெல் விளையும் பாகூருக்கு இது பெரிய லாபம்.

கட்டி முடித்தவர்களுக்கு

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மேற்கே ஒரு வேம்பு வைக்கலாம். மாடியில் கீற்றுப் பந்தல் போட்டால் வெயில் பந்தலோடு நின்றுவிடும். புயல் காலம் வருமுன் பிரித்து வைக்கலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எதிர் எதிரே ஜன்னல் வைக்க வேண்டும். மானியம் கொடுக்கும்போதே வரைபடத்தில் இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், ஏழைக் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

புயலுக்கு அஞ்சாத வீடு கிடைத்துவிட்டது. அது வெயிலுக்கும் அஞ்சாத வீடாக வேண்டும்.